'கூடோஸ்': ஒரு ஆளுக்குச் சொன்னாலும் கடைசியில் ஏன் 'எஸ்'? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலையில் ஃபிளக்ஸ், கல்யாணக் கார்டு, லெட்டர்பேட் எல்லாம் சேர்த்து அடிக்கும் ஒரு சின்ன டிடிபி கடை என்னுடையது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் கடையில் நிற்க இடம் இருக்காது. முன்பெல்லாம் 'வாழ்த்துகிறோம்', 'பாராட்டுகிறோம்' என்பதோடு முடிந்துவிடும். இப்போது மார்த்தாண்டம், குழித்துறையிலிருந்து தினமும் ரயிலேறித் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் அங்கே பிடித்த ஒரு சொல்லைக் கொண்டுவந்து, தம்பிக்கோ தங்கைக்கோ அடிக்கிற ஃபிளக்ஸில் அதைத்தான் பெரிசாகப் போடச் சொல்கிறார்கள்: கூடோஸ். அதோடு கூடவே சந்தேகங்களும் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால், எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

'கூடோஸ்' என்றால் என்ன?

பாராட்டு, புகழ், பெயர். ஒருவர் செய்த காரியத்துக்கு நாலு பேர் அறியக் கொடுக்கிற மதிப்பு. அந்த 'நாலு பேர் அறிய' என்பதுதான் முக்கியம். தனியாகக் கூப்பிட்டுக் காதோடு 'நல்லா செஞ்சே' என்று சொல்வது நல்ல விஷயம்தான், ஆனால் இந்தச் சொல் அதற்கு அவ்வளவாகப் பொருந்தாது.

ஒரு ஆளைப் பாராட்டினால் 'கூடோ', பல பேரைப் பாராட்டினால் 'கூடோஸ்', சரிதானே?

சரியில்லை. என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், நானே ஒருமுறை மாட்டிக்கொண்டதும் இதில்தான். ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் வந்து, மாநில அளவில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த ஒரு பிள்ளைக்கு எட்டுக்கு ஆறு அடியில் ஒரு ஃபிளக்ஸ் கேட்டார்கள். வந்தவர்களில் ஒருவர், "அண்ணாச்சி, பிள்ள ஒண்ணுதானே, பின்ன எதுக்கு எஸ்? அத எடுத்துருங்க" என்றார். கேட்க நியாயமாக இருந்தது, எடுத்துவிட்டேன். ஃபிளக்ஸ் கட்டிய அன்று சாயங்காலமே அவர்களுடைய பழைய இங்கிலீஷ் சார் அந்த வழியாகப் போயிருக்கிறார். மறுநாள் காலையில் ஃபிளக்ஸைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அத்தனை பேரும் கடை வாசலில் நின்றார்கள். பாதிச் செலவு என் தலையில்.

விஷயம் இதுதான்: இது கிரேக்கச் சொல், அந்தக் கடைசி 'ஸ்' சொல்லின் சொந்த உறுப்பு, பன்மைக்காக ஒட்டியது இல்லை. காஸ்மோஸ், கேயாஸ் எல்லாம் இதே மாதிரி கிரேக்கத்திலிருந்து வந்தவைதான், யாராவது 'ஒரு காஸ்மோ, பல காஸ்மோஸ்' என்று சொல்கிறோமா? காலேஜில் 'ஈத்தாஸ்', 'பேத்தாஸ்' என்ற கிரேக்கச் சொற்களைப் படித்தவர்களுக்கும் தெரியும், அவற்றிலும் 'ஸ்' கழலாது. கூடோஸும் அந்தக் குடும்பம். ஒருத்தருக்கும் கூடோஸ்தான், ஊருக்கே கொடுத்தாலும் கூடோஸ்தான். தண்ணீர், பொறுமை, பெருமை மாதிரி எண்ண முடியாத சொல் என்று வைத்துக்கொண்டால் குழப்பமே வராது.

நாம் இதே வேலையைத் தலைகீழாகச் செய்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கும்போது 'இந்த சிப்ஸ் நல்லா இருக்கு' என்றுதானே சொல்கிறோம்? அதில் இருக்கிற 'ஸ்' உண்மையிலேயே பன்மை, நாம் அதை ஒருமையாக்கிவிட்டோம். அதைவிட நல்ல உதாரணம் நம் வாயிலேயே இருக்கிறது. நாகர்கோவில் பக்கம் ஒரே ஒரு பிள்ளையைப் பார்த்து, 'மக்களே, இங்க வா' என்றுதான் கூப்பிடுவோம். வெளியூர்க்காரர் கேட்டால் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். சொல்லின் வாலைப் பார்த்து எண்ணிக்கை சொல்லக் கூடாது என்பது குமரிக்காரனுக்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டிய விஷயமே இல்லை.

ஆனால் டிக்‌ஷனரியில் 'கூடோ' என்று ஒரு சொல் இருக்கிறதே?

இருக்கிறது. அமெரிக்க அகராதிகளில் பார்க்கலாம். 'ஸ்' என்று முடிகிறது, அப்போது பன்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்து, அதை வெட்டிப் புதிதாக ஒருமையை உண்டாக்கியது ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும்தான், நம் பழைய மாணவர் சங்கம் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இது நடந்தது. ஆங்கிலத்துக்கு இது புதிய பழக்கமும் இல்லை. 'செரி' பழத்தின் பெயர் நார்மன் பிரெஞ்சில் 'செரீஸ்', அது ஒருமை. ஆங்கிலேயர் அதன் கடைசி ஒலியைப் பன்மை என்று எண்ணி வெட்டினார்கள், 'செரி' மிஞ்சியது. பட்டாணியும் அப்படித்தான், பழைய ஆங்கிலத்தில் ஒருமையிலேயே 'ஸ்' ஒலி உண்டு. அதை வெட்டிய பிறகு வந்த ஒருமை வடிவம் தமிழ்க் காதுக்கு எப்படிக் கேட்கும் என்று நான் எழுத மாட்டேன், நீங்களே சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, இன்னும் நூறு வருஷம் போனால் 'கூடோ'வும் செரிப் பழம் மாதிரி யாரும் கேள்வி கேட்காத சொல்லாகிவிடலாம். இன்றைக்கு ஆகவில்லை. இன்றைக்கு அதைப் போட்டால் ஏதாவது ஒரு இங்கிலீஷ் சார் கண்ணில் படும். செலவு யார் தலையில் விழும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

எப்படி உச்சரிப்பது?

அமெரிக்காவில் 'கூடோஸ்' என்றும், பிரிட்டனில் 'கியூடாஸ்' என்றும் சொல்வார்கள். இரண்டும் சரி. 'குடோஸ்' என்று குறில் போட்டுச் சொல்லாமலிருந்தால் போதும், குடோன் ஞாபகம் வருகிறது.

கிரேக்கத்தில் இதற்கு என்ன அர்த்தம்?

சொல்லப்போனால் எனக்கு இந்தச் சொல்மேல் பிரியம் வந்ததே இங்கேதான். ஹோமருடைய காவியங்களில் இது சாதாரணப் பாராட்டு இல்லை. போர்க்களத்தில் ஒருவன் ஜெயிக்கிற நேரத்தில் அவன்மேல் வந்து இறங்குகிற ஒளி, மகிமை. அதைக் கொடுப்பது பெரும்பாலும் தெய்வம். தெய்வங்களின் தலைவர் சேயுஸ் டிராய் வீரன் ஹெக்டருக்குக் கொடுப்பார், அப்புறம் வேறொருவனுக்குப் போகும். இன்றைக்கு இவனிடம் இருப்பது நாளைக்கு எதிராளி கைக்கு மாறலாம்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சொல் உண்டு: கிளேயோஸ். அதுவும் புகழ்தான், ஆனால் அது 'கேட்டல்' என்ற வேரிலிருந்து வந்தது. ஊர் வாயில் பேசப்பட்டு, பாட்டாகிக் காதுக்குக் காது போகிற புகழ். சமஸ்கிருதத்தில் புகழைக் குறிக்கும் 'ச்ரவஸ்' இதன் உடன்பிறப்பு, அங்கேயும் வேர் கேட்பதுதான். வேர் வேறு என்றாலும் தமிழும் இதே பாதையில் போயிருக்கிறது. 'ஈதல் இசைபட வாழ்தல்' என்ற குறளில் 'இசை' என்றால் புகழ். ஒலிக்கிற சொல்லே புகழுக்கும் சொல். அடுத்த குறளிலேயே 'உரைப்பார் உரைப்பவை எல்லாம்' என்று, பேசுகிறவர்கள் பேசுவதெல்லாம் கொடுப்பவரின் புகழைத்தான் என்கிறார். கன்னியாகுமரியில் கடலுக்குள் 133 அடியில் நிற்கிற அதே வள்ளுவர்தான்.

இதை ஃபிளக்ஸ் கடைக்காரனாகப் படித்தபோது நான் சிரித்த இடம் ஒன்று உண்டு. ஹோமர் சில ஆட்களையே இந்தச் சொல்லால் கூப்பிடுகிறார். கிழவர் நெஸ்டரையும், ஒடிசியஸையும் 'அக்கேயர்களின் பெரும் கூடோஸே' என்று விளிக்கிற வரிகள் இருக்கின்றன. அக்கேயர் என்றால் கிரேக்கப் படைக்காரர்கள். தமிழில் அப்படியே போட்டால் என்ன வரும்? 'எங்கள் மண்ணின் பெருமையே!' வேப்பமூடு ஜங்ஷனிலும் செட்டிகுளத்திலும் எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்? இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல் பழைய வாசகத்தைத்தான் நான் சதுர அடிக் கணக்கில் விற்றுக்கொண்டிருக்கிறேன்.

போரில் ஜெயித்தவனுக்கு மட்டும்தான் இது என்றால், படிக்கிற பிள்ளைக்குப் போடலாமா?

போடலாம், அந்த அர்த்தம் எப்போதோ தேய்ந்துவிட்டது. ஆனால் பழைய அர்த்தத்துக்கு நம்மூரில் ஆள் தேடினால் குளச்சலுக்குத்தான் போக வேண்டும். 1741-இல் அங்கே மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது, கடற்கரைப் பக்கம் வெற்றித் தூண் இருக்கிறது. அந்த நாள் கூடோஸ் திருவிதாங்கூருக்கு. விசித்திரம் என்னவென்றால், அன்றைக்குப் பிடிபட்ட டிலனாய் என்ற அதிகாரி அப்புறம் அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து, 'வலிய கப்பித்தான்' என்று பெயர் வாங்கினார். 1777-இல் இறந்தவருக்கு உதயகிரிக் கோட்டைக்குள்ளே கல்லறை, அதில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள். என் கடையிலிருந்து கூப்பிடு தூரம்தான். தோற்றவனுக்கு ஜெயித்தவன் கொடுத்த பெயர் இவ்வளவு நாள் நிற்பதை ஹோமர் பார்த்திருந்தால் எந்தச் சொல்லைப் போட்டிருப்பார் என்று நான் யோசித்ததுண்டு.

ஆங்கிலத்துக்குள் எப்படி வந்தது?

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், பல்கலைக்கழக மாணவர்களின் கொச்சைப் பேச்சு வழியாக. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் கிரேக்கம் படித்தே ஆக வேண்டிய காலம், வகுப்பில் மண்டையை உடைத்த சொல்லை வெளியே வந்து கிண்டலாகப் பயன்படுத்துவது எல்லா ஊர்ப் பையன்களுக்கும் உள்ள குணம்தானே. 1799-இல் சதி என்ற கவிஞர் இதை வினைச்சொல்லாகவே ஆக்கி, ஒருவரைக் கிரேக்கத்தில் 'கூடோஸ்' செய்தார்கள் என்று கேலியாக எழுதியிருக்கிறார் (சதித்திட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, பெயரே அதுதான்). 1859-இல், பரிணாமம் பற்றிய தன் புத்தகம் வெளிவருகிற சமயத்தில், டார்வின் எழுதிய ஒரு கடிதத்திலும் இது வருகிறது. நிலவியல் அறிஞர் லையல் பாதிப் புத்தகத்தைப் படித்துவிட்டுத் தன்னை ரொம்பவே புகழ்ந்தார் என்று சொல்ல இந்தச் சொல்லைத்தான் போட்டார். அவ்வளவு பெரிய ஆளும் நாலு நல்ல வார்த்தைக்குச் சந்தோஷப்பட்டதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

லத்தீன் வழியாகச் சுற்றி வராமல் கிரேக்கத்திலிருந்து நேராகப் பிடுங்கிக்கொண்டது என்பதை எழுத்துக்கூட்டலே காட்டிவிடும். லத்தீன் வழி வந்த கிரேக்கச் சொற்களில் 'மிஸ்டரி', 'சிஸ்டம்' மாதிரி 'ஒய்' இருக்கும், இதில் 'யூ' இருக்கிறது.

அப்புறம் இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. டைம் பத்திரிகை கௌரவ டாக்டர் பட்டம் வாங்கியவர்களின் பட்டியலுக்கு இதைத் தலைப்பாகவே வைத்தது. கீழே நீளமான பட்டியல், மேலே 'ஸ்' என்று முடிகிற தலைப்பு. படித்தவன் பன்மை என்று நினைத்ததில் தப்பில்லை.

பிரிட்டனில் ஒரு அர்த்தம், அமெரிக்காவில் ஒரு அர்த்தம் என்கிறார்களே?

கொஞ்சம் வித்தியாசம் உண்டு. பிரிட்டனில் இது பெரும்பாலும் ஒருவருக்குச் சேருகிற மதிப்பு, கெத்து. 'அந்த வேலையில் சம்பளம் குறைவு, ஆனால் கூடோஸ் இருக்கிறது' என்பார்கள். அமெரிக்காவில் கொடுக்கிற பாராட்டு. 'இன்னாருக்குக் கூடோஸ்' என்ற அமைப்பு அங்கேதான் பரவியது. நம் பிள்ளைகள் கொண்டுவருவது அமெரிக்கச் சரக்கு.

ஆபீஸ் ஆப்பில் 'உங்களுக்கு மூன்று கூடோஸ்' என்று காட்டுகிறது, அது தப்பா?

என் தங்கை மகள் கேட்டது. இலக்கணப்படி பார்த்தால் 'மூன்று புகழ்' என்பது மாதிரி இடிக்கிறது. ஆனால் அங்கே அது பொத்தானை அமுக்கினால் விழுகிற ஒரு புள்ளி, எண்ணத்தான் செய்வார்கள். அவளிடம் நான் சொன்னேன், மக்களே, மூணு கூடோஸைச் சேத்தா ஒரு இன்கிரிமென்ட் கெடைக்குமான்னு மொதல்ல கேளு. கிடைக்காதாம்.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் எது?

ஒன்றைச் சொல்ல மாட்டேன், இடத்தைப் பார்த்துத்தான்.

'பாராட்டுகள்' எங்கும் செல்லும். ஆனால் 'பாராட்டு' நாம் நினைப்பதைவிட ஆழமான சொல். பாராட்டுவது புகழ்வது மட்டும் இல்லை. நட்புப் பாராட்டலாம், பகை பாராட்டலாம், உரிமையும் பாராட்டலாம். மனசில் வைத்து வளர்க்கிற எதையும் பாராட்டலாம் போலிருக்கிறது. அதனால்தானோ என்னவோ, சிலர் மேடையில் பாராட்டிப் பேசும்போது பகை பாராட்டுகிறாரா என்று சந்தேகம் வருகிறது.

'சபாஷ்' ஃபார்சியிலிருந்து வந்தது, 'சந்தோஷமாக இரு' என்று வாழ்த்துகிற 'ஷாத் பாஷ்' சுருங்கி இப்படி ஆனது. வாயால் சொல்ல இதைவிட நல்ல சொல் இல்லை, ஆனால் ஃபிளக்ஸில் போட்டால் பழைய நாடக நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும். மேற்குப் பக்கம், விளவங்கோடு கல்குளம் ஆட்கள் கையில் 'கொள்ளாம்' இருக்கிறது. ஒரு கிழவர் மீன்குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டுத் தலையை லேசாக ஆட்டி 'கொள்ளாம்' என்றால், அதற்கு மேல் ஒரு பாராட்டை வாங்க முடியாது. கெட்டதும் இல்லை, ஆகா ஓகோவும் இல்லை, ஏற்றுக்கொள்ளலாம் என்பதுதான் சொல்லின் அளவு. அதை இழுக்கிற இழுப்பில்தான் மதிப்பெண் தெரியும்.

பழைய சொல் வேண்டுமென்றால் 'சீர்த்தி'. தொல்காப்பியம் உரியியலில் 'சீர்த்தி மிகுபுகழ்' என்று இரண்டே சொல்லில் பொருள் சொல்லியிருக்கிறது. அதே தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாகப் பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு எங்கள் மாவட்டத்து அதங்கோடுதான் என்று நாங்கள் எல்லோரும் உரிமை பாராட்டுவோம். யாராவது மறுத்தால் பகையும் பாராட்டுவோம்.

பட்டம் கொடுப்பதும் கூடோஸில் சேருமா?

அதற்கு ஆங்கிலத்தில் 'அக்கலேட்' என்று வேறு சொல் இருக்கிறது. லத்தீனில் 'கொல்லும்' என்றால் கழுத்து, ஒருவரை வீரராக்கும்போது கழுத்தைக் கட்டி அணைத்ததிலிருந்து வந்த சொல். நாம் கழுத்தில் சால்வை போடுகிறோம், பெரிய வித்தியாசம் இல்லை.

பட்டம் என்றால் குமரி மாவட்டத்தை அடித்துக்கொள்ள முடியாது. தேரூர் தேசிக விநாயகம் பிள்ளைக்கு 1940-இல் 'கவிமணி' கொடுத்தார்கள், இன்றைக்கு முழுப் பெயரைச் சொன்னால் யாரென்று கேட்கிறார்கள், கவிமணி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒழுகினசேரி கிருஷ்ணன் 'கலைவாணர்' ஆனார். இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்துப் பதில் சொல்கிற சதாவதானம் செய்து 'சதாவதானி' ஆனார்.

பாவலரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கேள்வியை விட மனசில்லை, ஏனென்றால் அதுவும் சொல்லை எங்கே வெட்டுவது என்ற கதைதான். அவதானத்தில் ஒருவர் அவரை மடக்குவதற்காக, 'துருக்கனுக்கு ராமன் துணை' என்று முடிகிற மாதிரி வெண்பாப் பாடச் சொன்னாராம். பாடச் சொன்னது ஒரு முஸ்லிம் புலவரிடம், நோக்கம் புரிகிறதல்லவா? பாவலர் கொஞ்சமும் அசையாமல், ராமனின் தம்பிகளை வரிசையாகக் கொண்டுவந்து மூன்றாவது அடியைச் 'சத்' என்று நிறுத்தி, நாலாவது அடிக்குப் போனார். சத்துருக்கனுக்கு ராமன் துணை. ஊரில் இதைச் சொல்லும்போது அந்த 'சத்'தில் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்வார்கள். என்னை அன்றைக்கு ஒரு 'எஸ்' கவிழ்த்தது, அவரை ஒரு 'சத்' தூக்கி நிறுத்தியது.

கங்கிராஜுலேஷன்ஸ் என்று போட்டால் என்ன?

ஒன்றுமில்லை. எழுத்து அதிகம், எட்டடியில் அடங்காது. கல்யாணத்துக்கு, குழந்தை பிறந்ததற்கு அதுதான் சரி. அங்கே கூடோஸ் போட்டால் அவர்கள் ஏதோ போட்டியில் ஜெயித்த மாதிரி இருக்கும்.

அந்த ஓட்டப் பந்தயப் பிள்ளையின் ஃபிளக்ஸில் கடைசியில் என்ன போட்டீர்கள்?

'எஸ்' சேர்த்துத் திரும்ப அடிக்கலாம் என்று சிஸ்டத்தில் திருத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளையின் அம்மாவும் அவர்களோடு வந்திருந்தார், ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணே, இது எனக்கு வாசிக்கத் தெரியாது. தமிழ்ல அவ பேரைப் பெரிசாப் போட்டாப் போதும்" என்றார். இங்கிலீஷை எடுத்துவிட்டு, பெயரை ஒன்றரை அடி உயரத்தில் போட்டு, கீழே 'எங்கள் மண்ணின் பெருமையே' என்று அடித்துக் கொடுத்தேன்.